ஆனேகுந்தி: ஆற்றைக் கேட்டுவிட்டு நாள் குறிக்க வேண்டிய ஊர்

ஹம்பிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஆனேகுந்திக்கு ஒதுக்குவது அரை நாள்தான். விட்டலர் கோயில் கல்தேரைப் பார்த்து முடித்து, நாலு மணி வாக்கில் அக்கரைக்குப் போய், அஞ்சனாத்ரி மலை அடிவாரத்தில் இளநீர் குடித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஆனேகுந்தி ஹம்பியின் பின்வாசல் அல்ல. ஹம்பிக்கு முன்பே தலைநகராக இருந்த ஊர் என்பது மரபு. துங்கபத்திரையின் வடகரையில், கொப்பள மாவட்டம் கங்காவதி வட்டத்தில் இருக்கிறது. இரண்டு இரவு இங்கேயே தங்கி, ஹம்பியை ஒரு பகலில் ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்து வருவதுதான் சரியான முறை என்பேன். ஹம்பி இருக்கிற தென்கரையில் தங்கினால் கடைசிப் படகை நினைத்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும்.

எந்த மாதம் போவது, எங்கே ஏறுவது, எங்கே இறங்கவே கூடாது, எல்லாவற்றையும் இங்கே ஆறுதான் முடிவு செய்கிறது. ஆகவே ஆற்றிலிருந்தே தொடங்கலாம்.

ஊருக்கு மேலே, ஹொசபேட்டை அருகே, துங்கபத்ரா அணை இருக்கிறது. 33 மதகுகள். முழுக் கொள்ளளவின் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1633 அடி. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை வலுத்து அணை இந்த மட்டத்தை நெருங்கினால் மதகுகளைத் திறப்பார்கள். பெரும்பாலும் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இது எந்த நாளும் நடக்கலாம். விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல் வருகிற நாட்களில் ஹம்பிப் பக்கம் புரந்தரதாசர் மண்டபம் மூழ்கிவிடும். நவபிருந்தாவனத் தீவுக்குள்ளும் தண்ணீர் ஏறிவிடும். படகு, பரிசல் எல்லாம் நின்றுவிடும். 2024 ஆகஸ்ட் 10 இரவு 19ஆம் மதகின் சங்கிலி அறுந்து மதகே ஆற்றோடு போனது. அந்த வாரம் கரையோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை விட்டார்கள். மழைக்காலத்தில் போகத்தான் வேண்டும் என்றால், கிளம்புவதற்கு முந்தைய நாள் அணையின் வெளியேற்றம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அணை நிர்வாகம் தினமும் அந்தக் கணக்கை வெளியிடுகிறது. இல்லையென்றால், தங்கப்போகிற வீட்டுக்குப் போன் போட்டு "நீரு ஜாஸ்தி இதெயா, தோணி இதெயா" என்று கேட்டால் போதும். தண்ணீர் அதிகமா, படகு ஓடுகிறதா என்று இரண்டு கேள்விக்கும் உடனே பதில் வந்துவிடும்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். மார்ச் பாதியிலேயே பாறை கொதிக்க ஆரம்பிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் 40 டிகிரியைத் தாண்டும். இந்த ஊரில் சுற்றிலும் வெறும் பாறை என்பதால் சூரியன் மறைந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு அனல் அடங்காது.

பெங்களூரிலிருந்து ஹம்பி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் ஹொசபேட்டையில் இறங்கலாம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் மும்பை மார்க்க ரயிலில் குண்டக்கல் வந்து, அங்கிருந்து பெல்லாரி வழியாக மாறிக்கொள்ளலாம். ஹொசபேட்டையிலிருந்து வடகரைக்கு நேர் ரோடு கமலாபுரம், புக்கசாகரம், கடேபாகிலு வழியாகப் போகிறது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஆட்டோ பேசும்போது ஆனேகுந்தி என்று மட்டும் சொன்னால் போதாது. சில ஓட்டுநர்கள் ஹம்பிப் பக்கத்துப் படகுத் துறையில் இறக்கிவிட்டு "அதோ அக்கரை" என்று கை காட்டிவிடுவார்கள். "புக்கசாகரா பாலத்து மேல போய் ஊருக்குள்ள இறக்கணும்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கடேபாகிலு என்ற பெயரைத் தமிழர் சுலபமாகப் பிரித்துவிடலாம். கடை, வாயில். கோட்டையின் கடைசி வாசல் இருந்த ஊர்.

விட்டலர் கோயிலுக்கும் ஆனேகுந்திக்கும் நடுவே, தளவாரகட்டா துறையில், ஒரு பாலம் வந்திருக்க வேண்டியது. ஹம்பியை யுனெஸ்கோ 1986-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே கட்டிய பாலங்களின் காரணமாக 1999-ல் ஆபத்துப் பட்டியலுக்கு மாற்றி, 2006-ல் எடுத்தது. பிறகு, பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே 2009 ஜனவரியில் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதனால் இந்தத் துறையில் இன்றும் படகுதான். விஜயநகரக் காலத்தில் இங்கே ஒரு பாலம் இருந்தது. அதன் கல்தூண்கள் ஆற்றுக்குள் வரிசையாக நிற்பதைத் தண்ணீர் வற்றிய நாட்களில் பார்க்கலாம். தண்ணீரின் இழுப்பைத் தாங்குவதற்காக ஜோடி ஜோடியாக நிறுத்தி, மேலே குறுக்குக்கல் வைத்திருக்கிறார்கள்.

1520 வாக்கில் வந்த போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ் இதே துறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கூடை மாதிரி வட்டமான படகு, உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றியே போகும் என்று அவர் சொல்வது ஹொகேனக்கலில் நாம் பார்க்கிற பரிசல்தான். தோல் போய், சாக்கும் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்திருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். கன்னடத்தில் ஹரிகோலு அல்லது தெப்பா என்பார்கள்.

பரிசலில் ஏறுவதற்குமுன் அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூங்கிலைப் பிளந்த தப்பைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அடியில் நட்சத்திரம் மாதிரி கனமான தப்பைகளை விட்டிருப்பார்கள். விளிம்பில் தப்பைகளைக் கட்டாகச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். அந்த விளிம்புக் கட்டு உறுதியாக இருந்தால் பரிசல் நல்லது. பிரிந்து, கை வைத்தால் ஆடுகிறது என்றால் அடுத்த பரிசலுக்குப் போங்கள். அடியில் கொஞ்சம் ஈரம் இருப்பது சகஜம். ஆனால் நிற்கிற பரிசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தால் தாரில் எங்கோ வெடிப்பு விட்டிருக்கிறது. குதிகால் செருப்பு, ஆணி தேய்ந்து வெளியே நிற்கிற ஷூ போட்டு ஏறினால் அந்த வெடிப்பை நீங்களே உண்டாக்குவீர்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

படகை நேராகப் பிடித்துவைக்கிற அடிக்கட்டை பரிசலுக்குக் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு துடுப்புக்கும் சுழலப் பார்க்கிறது. ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்து தள்ளமாட்டார். போகிற திசைக்கு முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பார். அப்படி இழுத்தால்தான் சுழற்சி அடங்கும். அடி அகலம், மிதக்கும் ஆழமோ ஒரு சாண்கூட இல்லை. ஆகவே பாறை நிறைந்த இந்த ஆற்றில் மரப்படகு தட்டுகிற இடத்தையும் பரிசல் தாண்டிவிடும். கவிழ்வதற்குக் காரணம் அநேகமாக ஏறியிருப்பவர்கள்தான். ஒருவர் போட்டோ எடுக்க எழுந்து நிற்பார், அல்லது ஒரே பக்கம் நாலு பேர் சாய்வார்கள். எடை கூடியவர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும். பிருஷ்டம் தரையில் பட, முதுகு விளிம்பில் சாய, கால் நடுவில். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தண்ணீரில் உங்களைக் காப்பாற்றாது, கழன்றுவிடும். பக்கிளை இறுக்குங்கள், அல்லது சிறிய அளவு கேளுங்கள். பரிசலைப் பம்பரமாகச் சுற்றிக்காட்ட நிறையப் பேர் பிரியப்படுவார்கள். சமதண்ணீரில் இரண்டு சுற்று சுற்றினால் பரவாயில்லை. பாறைகளுக்கு நடுவே நீர் வேகமாக ஓடுகிற இடத்தில் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். கடைசிப் படகு வெயில் சாய்வதோடு நின்றுவிடும். மாலை ஐந்துக்குள் துறைக்கு வந்துவிடுங்கள்.

துறையிலிருந்து மேலே ஏறினால் ஊர். நடந்தே பார்க்க இரண்டு மணி நேரம் போதும், காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். துறைக்குப் பக்கத்திலேயே ஹுச்சப்பய்யன மடம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பாதிப்பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே கறுப்புக் கல்லில் கடைசல் பிடித்த தூண்கள் நிற்கின்றன. டார்ச்சைத் தூணுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தலைப்பக்கம் தட்டு தட்டாக, ஒன்றுக்குமேல் ஒன்று மெல்லிய வளையங்கள் ஓடும். ஒவ்வொரு விளிம்பும் வட்டம் பிசகாமல் இருக்கும். அது சாளுக்கியர் காலத்துப் பாணி. கல்லும் வேறு. அந்தக் கறுப்புக் கல் மிருதுவானது, கடைசலுக்கு இணங்கும். விஜயநகரத்துச் சிற்பிகளுக்குச் சுற்றிலும் கிடைத்ததோ கடினமான கருங்கல். அதைக் கடைய முடியாது, கொத்தத்தான் முடியும். ஹம்பியில் தூண்கள் சதுரமாக, கட்டை கட்டையாக, யாளியும் குதிரையுமாக இருப்பதற்கு இதுதான் காரணம். இந்த மடத்தில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு அப்புறம் விட்டலர் கோயிலுக்குப் போனால் தூண்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

ஊர் நடுவில் ரங்கநாதர் கோயில், அதன் எதிரே தேர் நிற்கிற வெளி, பக்கத்தில் ககன் மஹால். மஹால் சின்னதுதான். வெளியே நீட்டிய மாடங்களில் இஸ்லாமியக் கட்டடச் சாயல் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் போதும். மேற்கே குன்றின்மேல் துர்க்கை கோயில். அதற்குமேல் ஏறினால் வாலி கோட்டை என்று ஊரார் சொல்கிற கோட்டை வாசலும் மதிலும். வாசலில் பாதை நேராகப் போகாமல் மடங்கி உள்ளே போவதைக் கவனியுங்கள். யானையும் குதிரையும் ஓடிவந்து கதவை மோதிவிடாமல் இருக்க வைத்த மடக்கு அது. ஊர்ப் பெயரிலும் யானை உண்டு. கன்னடத்தில் ஆனெ என்றால் யானை. அரச யானைகளை வைத்திருந்த இடம் என்று பெயர்க்காரணம் சொல்கிறார்கள். ஆற்றோரம் போனால் அறுபத்து நாலு கால் மண்டபம் இருக்கிறது. கிருஷ்ணதேவராயரின் சமாதி என்பது ஊர் நம்பிக்கை. வெள்ளம் வந்தால் இதுவும் தண்ணீருக்குள் போய்விடும்.

தென்னிந்திய வரலாற்றில் இந்த ஊரின் இடம் பெரியது. 1327 வாக்கில் தில்லிப் படை கம்பிலி அரசை அழித்தபின், ஹரிஹரரும் புக்கரும் விஜயநகர அரசை எழுப்பியது இந்தக் கரையில்தான். மரபாகச் சொல்லும் ஆண்டு 1336. பயஸ் வந்தபோதும் பழைய தலைநகர் அக்கரையில் இருந்தது என்றே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். புக்கரின் மகன் குமார கம்பணன் தெற்கே வந்து மதுரை சுல்தான்களின் ஆட்சியை முறித்தான். மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் எல்லாரும் அந்த அரசின் கிளைகள். திருமலை நாயக்கர் மஹாலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேர் இங்கே இருக்கிறது.

இன்னும் நெருக்கமான தொடர்பு நவபிருந்தாவனத்தில். ஆற்று நடுவே ஒரு தீவு, அதில் மத்வரின் துவைத மரபில் வந்த ஒன்பது குருமார்களின் பிருந்தாவனங்கள், அதாவது சமாதிகள். மூத்தவர் பத்மநாப தீர்த்தர், மத்வரின் நேர்ச் சீடர். அவர் அடங்கியது 1324, அதாவது விஜயநகரம் பிறப்பதற்கும் முன்னால். நடுவில் இருப்பது வியாசராஜருடையது, 1539. புரந்தரதாசரின் குரு அவர். கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை புரந்தரதாசர் வகுத்தது என்பார்கள், அதில் பாட்டு தொடங்கிய எந்தப் பிள்ளைக்கும் இந்த இடத்தோடு உறவு உண்டு. ஒன்பது பேரில் இன்னொருவரான சுதீந்திர தீர்த்தர் கும்பகோணத்து மடத்தில் இருந்தவர். புவனகிரியில் பிறந்த ராகவேந்திரருக்குச் சன்னியாசம் கொடுத்தவர் அவரே. மந்திராலயம் போகிற தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேயும் வருவதற்குக் காரணம் அதுதான். 2019 ஜூலையில் புதையல் தேடிய கும்பல் ஒன்று வியாசராஜர் பிருந்தாவனத்தை உடைத்துப் போட்டது. பக்தர்கள் திரண்டு ஓரிரு நாளில் திரும்பக் கட்டினார்கள். இப்போது நீங்கள் காண்பது அப்படி மீண்டும் அடுக்கிய கற்கள்.

தீவுக்குப் போகக் காலை எட்டு மணிக்குள் துறையில் இருங்கள். வெயில் ஏறினால் அந்தக் கற்பரப்பில் வெறுங்காலோடு சுற்றி வர முடியாது. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், வேட்டி இருந்தால் நல்லது. பிருந்தாவனங்களைத் தொடக்கூடாது. சுற்றிலும் கோடு போட்டிருப்பார்கள், அதற்கு வெளியேதான் வலம் வர வேண்டும். குருமார்களின் நினைவு நாளான ஆராதனை நாட்களில் படகுக்கு நெடுவரிசை நிற்கும். யாருக்கு எந்த நாள் பூஜை என்பதில் மடங்களுக்குள் நெடுநாள் வழக்கு இருப்பதால் அந்த நாட்களில் போலீஸ் காவலும் இருக்கும். அமைதியாகத் தரிசிக்க விரும்பினால் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆராதனை இல்லாத நாளாகத் தேர்ந்தெடுங்கள்.

அஞ்சனாத்ரிக்குச் சைக்கிளில் போகலாம். ஊரிலிருந்து மேற்கே சாணாபூர் ரோடு, ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் பாறைக் குன்று. வழியில் பம்பா சரோவர் என்கிற குளம், பிறகு ஹனுமனஹள்ளியில் மலை, அதையும் தாண்டிச் சாணாபூர். எல்லாமே ஒரே ரோட்டில் பத்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மலைக்கு 575 படி. வெள்ளையடித்த படிகள் வளைந்து வளைந்து ஏறும், நிதானமாக ஏறினால் அரை மணி. அனுமன் பிறந்த இடம் இதுவே என்பது இங்குள்ளவர்களின் உறுதியான நம்பிக்கை. திருமலையில் இருக்கிற அஞ்சனாத்ரிதான் பிறப்பிடம் என்று 2021-ல் திருப்பதி தேவஸ்தானம் அறிவித்தபோது இங்கே எதிர்ப்பு எழுந்தது. செவ்வாய், சனிக்கிழமைகளில் படியில் ஒதுங்க இடம் இருக்காது. டிசம்பரில் அனுமன் மாலை போட்டவர்கள் மாலை கழற்ற வரும் நாளில் ரோட்டிலேயே நகர முடியாது. மற்ற நாளில், பொழுது விடிவதற்கு முக்கால் மணி முன்னால் ஏறத் தொடங்குங்கள். கையில் பை, பாட்டில், பழம் எதுவும் வேண்டாம். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே போதும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். உச்சியில் கிழக்கே முகம் காட்டி உட்கார்ந்தால், ஆறு வளைகிற இடமும், வாழைத் தோப்பும், நெல் வயலைச் சுற்றி ஓடுகிற வாய்க்கால்களும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். விஜயநகர அரசர்கள் வெட்டிய வாய்க்கால்களில் சில இன்றும் ஓடுகின்றன. கங்காவதி நெல்லுக்குப் பெயர் பெற்றதற்கு அந்த நீரும் ஒரு காரணம்.

இனி பாறை. உலகம் முழுவதிலுமிருந்து ஏறுகாரர்கள் இங்கே வருவது பௌல்டரிங்குக்காக. கயிறு இல்லாமல், தரையில் மெத்தை போட்டு, மூன்று நாலு மீட்டர் உயரப் பாறைகளில் ஏறுகிற விளையாட்டு அது. வாலியும் சுக்ரீவனும் சண்டையில் வீசிய கற்கள் என்று ஊரில் சொல்வார்கள். நிலவியல் கணக்கில் இந்தக் கருங்கல்லுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. பூமிக்கடியில் இருந்தபோதே குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, மூலைகள் முதலில் கரைந்து, பிறகு மண் அடித்துக்கொண்டு போனதும் உருண்டையான நடுப்பகுதிகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுவிட்டன. யாரும் அடுக்கவில்லை, எங்கிருந்தும் உருண்டு வரவும் இல்லை.

இந்தக் கல்லின் மேற்பரப்பு உப்புக்காகிதம் மாதிரி. ஷூவின் ரப்பர் நன்றாகப் பிடிக்கும், விரல் தோலையும் அதே வேகத்தில் உரித்துவிடும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே நாலு மணி நேரம் ஏறிவிட்டு, இரண்டாம் நாளிலிருந்து டம்ளர் பிடிக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு நாலரைக்கு மேல். நடுவில் கல் சுட்டால் விரல் வியர்க்கும், வியர்த்தால், பிடிப்புக்காகக் கையில் பூசுகிற சுண்ணப்பொடி எவ்வளவு போட்டாலும் வழுக்கும்.

மெத்தையும் ஷூவும் வாடகைக்குக் கிடைக்கும். மெத்தையை வாங்கும்போது நடுவில் முழங்காலை வைத்து அழுத்திப் பாருங்கள். தரை தட்டினால் உள்ளே ஸ்பாஞ்ச் செத்துவிட்டது. கடினமான பக்கம் மேலே வர விரிக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் கணுக்கால் மடங்கும். இரண்டு மெத்தை போட்டால் நடுவே இடைவெளி விடாதீர்கள், கால் நேராக அந்தச் சந்தில்தான் போய் மாட்டும். விழும்போது முழங்காலை மடக்கி, பின்புறமாக உருளுங்கள். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். கீழே நிற்கிறவரின் வேலை உங்களை ஏந்திப் பிடிப்பது இல்லை. இடுப்புக்கு மேலே கை வைத்து மெத்தைப் பக்கம் திருப்பி விடுவது, தலை பாறையில் மோதாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவே.

பிடிக்கப்போகிற செதிலை முதலில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி. பானையைத் தட்டின மாதிரி பொள்ளல் சத்தம் வந்தால் அது தாய்ப்பாறையை விட்டுப் பிரிந்த ஓடு, தொங்கினால் கையோடு வரும். ஏறுவதற்குமுன் பின்பக்கம் போய், இறங்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் உச்சியில் உட்கார்ந்திருப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. பொந்துகளுக்குள் கைவிடுவது, குகைக்குள் நுழைவது இரண்டும் வேண்டாம். இந்தக் குன்றுகளில் சிறுத்தையும் கரடியும் இருக்கின்றன. இருட்டுவதற்குமுன் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். மலைத்தேனீக் கூடு தொங்கும் பாறைக்குக் கீழே சத்தம்கூடப் போடக்கூடாது.

சில பாறைகளின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னச் செவ்வகக் குழிகள் இருக்கும். விஜயநகரத்துக் கல்தச்சர்கள் ஆப்பு அடித்துப் பிளந்த தடம் அது. அந்தப் பாறையும், கல்வெட்டு, சிற்பம், பழைய செங்காவி ஓவியம் உள்ள பாறையும் ஏறுவதற்கானவை அல்ல. மண்டபத் தூணிலும் கோட்டை மதிலிலும் ஏறவே கூடாது. சுண்ணக் கறையை மெல்லிய பிரஷால் துடைத்துவிட்டு வாருங்கள். இரும்பு பிரஷ் போட்டால் கல் வழவழப்பாகி, அடுத்தவருக்கு அந்தப் பிடியே இல்லாமல் போய்விடும்.

சாணாபூர் ஏரியைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது அணையின் இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் வந்து தேங்குகிற இடம். பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும், பரிசல் சவாரிக்கு ஏற்றது. கால்வாயை மூடுகிற கோடையில் நீர்மட்டம் இறங்கிவிடும். பாறையிலிருந்து குதிப்பதற்கென்றே இங்கே ஆட்கள் வருகிறார்கள். குதிக்காதீர்கள். நேற்று மூழ்கியிருந்த பாறை இன்று ஓரடி ஆழத்தில் இருக்கலாம், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்தில் ஓடுகிற ஆறு இன்னும் மோசம். பாறைச் சந்துகளுக்குள் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போகும், நீச்சல் தெரிந்தவரையும் அடியில் வைத்து அழுத்திவிடும். 2025 பிப்ரவரியில் ஹைதராபாதிலிருந்து வந்த ஓர் இளம் மருத்துவர் நண்பர்கள் கண்ணெதிரே குதித்து, இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். முதலைகளும் இந்த ஆற்றில் உண்டு. நீராட ஆசையென்றால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் இறங்குகிற படிவரை மட்டும் இறங்கிக் குளியுங்கள்.

ஆற்றைக் கரையிலிருந்தே பார்ப்பவர்களுக்கு வேறு பேறு உண்டு. முதலாபுரத்திலிருந்து கம்பிலி வரை 34 கிலோமீட்டர் நீளத்தை 2015-ல் நீர்நாய்க் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். விடிகாலையில் சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் பாறை மேல் உட்கார்ந்தால், நாலைந்து தலைகள் வரிசையாக நீந்திப் போவதைப் பார்க்கலாம். மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் கிடக்கிற பாறையை முந்தின நாளே பார்த்துவைத்து, அதற்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். அவை திரும்பத் திரும்ப வருகிற இடம் அது.

தங்க ஊருக்குள் வீடுகளிலேயே அறை கிடைக்கும். சோள ரொட்டி, எண்ணெக் கத்திரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப்பொடி என்று வடகர்நாடகச் சாப்பாடு. மிளகாய் பஜ்ஜியும் பொரியும் மாலைத் தீனி. வாழைநாரில் கயிறு திரித்துப் பை, தொப்பி பின்னுகிற பெண்களிடம் நேரடியாகவே வாங்கலாம். பணத்தைக் கங்காவதியிலோ ஹொசபேட்டையிலோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் ஹிரேபெணகல். கங்காவதியிலிருந்து பத்து கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. மலைமேல் பெருங்கற்காலக் கல்லறை வீடுகள், 400 வாக்கில். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து, ஒரு பலகையில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். சில ஆள் உயரத்தைத் தாண்டும். 2021-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். ஏறுவதற்குப் பாறைத் தடம்தான், படி கிடையாது. மேலே நிழலும் தண்ணீரும் இல்லை. தலைக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொண்டு, ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி, பத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஊரிலிருந்து ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். தடம் பாறையில் பல இடத்தில் மறைந்துவிடும், முள்ளுக்காட்டுக்குள் புகுந்து அலைய நேரிடும். மேலே ஒரு பெரிய பாறையின் உச்சியில் முரசு மாதிரி ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. தட்டினால் உலோகம் போல ஒலி எழும்பி எதிர்க் குன்றுவரை போகும். தட்டித் தட்டியே விளிம்பு உதிர்ந்திருக்கிறது. கூட வருகிறவர் கூழாங்கல்லால் ஒருமுறை தட்டிக் காட்டுவார், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.